மஞ்சள் பட்டைக்குக் கீழே

சகல ஊழியர்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நமது நிறுவனத்தின் அனைத்துக் கணினிகளிலும் உள்ள இணைய உலாவிகள், பாதுகாப்பு வாரத்தின் முதல் நாளன்று, சிறப்பு விருந்தினர் அவர்களின் பொற்கரத்தால், ஒரே சொடுக்கில், ஒரே சமயத்தில் புதுப்பிக்கப்படும். அந்தக் கணம் முதல் நமக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகள் மட்டும் இங்கே சேர்த்தது. மற்றதெல்லாம் குடிதண்ணீர் இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் உள்ளபடியே. ஒட்டியவர் பாதுகாப்பு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். எதையாவது பூட்டாமல் அவரால் ஒரு வேளை சாப்பிட முடியாது. சாப்பாட்டு டப்பாவுக்குக்கூடச் சின்னதாக ஒன்று வைத்திருந்தார். இணைய உலாவி என்ற சொல்லை அந்த மாடியில் பயன்படுத்தியவரும் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அது பிரவுசர்.

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அலுவலகம். படியேறும்போதே ரப்பர் வாசனை வரும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காப்பீட்டுக் கம்பெனி என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்பார்கள். செய்கிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். செய்ததைச் சரிபார்க்கிறவர்கள் கழிவறைப் பக்கம். அந்தப் பக்கத்தில் பழம்பெரும் ஆள் ஒருவர் உண்டு. அவருக்குச் சந்தேகம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு, அதைச் சம்பள நாளன்று மட்டும் கூப்பிடுவார்கள். "சந்தேகம் வந்தாச்சா?" "சந்தேகம் லீவு." இப்படித்தான் காலம் போயிற்று.

அவர் வேலை இதுதான். ஒரே பக்கத்தை ஏழு பிரவுசரில் திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் புதுசு, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. எல்லாவற்றிலும் எல்லாப் பட்டனையும் அமுக்க வேண்டும். ஒன்றில் நேராக நிற்கிற எழுத்து இன்னொன்றில் சரிந்து கிடக்கும். ஒன்றில் சிரிக்கிற டாக்டர் படம் மற்றதில் கழுத்துக்கு மேல் இருக்காது. அதையெல்லாம் கண்டுபிடித்து எழுதி, செய்தவர்களிடம் திட்டு வாங்க வேண்டும். கல்யாணமான புதிதில் மச்சான்காரர் விசாரித்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு இன்னும் பிடிபடலையே."

"இன்னொருத்தர் செஞ்சு வச்சது ஒழுங்கா இருக்கான்னு பாத்து, குறை சொல்றது."

"அதுக்கு எங்க வீட்ல மாமியார்னு பேரு, மாப்பிள்ளை."

வீட்டில் இரண்டு மேசைகள். ஜன்னல் பக்கத்து மேசையில் தையல் மெஷின். அதற்குச் சொந்தக்காரி அவர் மனைவி. தெருவில் அவளைத் தையல்காரம்மா என்பார்கள். புதுத் துணி தைப்பதில்லை, பழுது பார்ப்பதுதான். பேன்ட்டுக்கு மடிப்பு, கோட்டுக்கு உள்துணி, இடுப்பு பெருத்தவர்களுக்குக் கொஞ்சம் கருணை. இன்னொரு மேசையில் ஒரு கிழட்டுக் கணினி.

அந்தக் கணினி அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு கொள்கை முடிவு இருந்தது. பழைய பதிப்பு பிரவுசர் என்பது திறந்து கிடக்கும் பின்வாசல், அதன் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம், எனவே அப்படி ஒன்றுகூட நம் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்றார் பூட்டு. ஆனால் பழைய பதிப்பிலும் சோதித்துத் தருவதாக வாடிக்கையாளர்களிடம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் கூடி யோசித்து, அந்தப் பின்வாசலைக் கழற்றிச் சந்தேகத்தின் வீட்டில் மாட்டிவிட்டார்கள். ஆபத்து பத்திரமாக இடம் மாறியது.

"என்னங்க இது, தினமும் வந்து கெஞ்சுது. அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு" என்றாள் ஒரு நாள்.

"தொட்றாத. பண்ணிட்டா இதோட கதை முடிஞ்சது. பழசு பழசாவே கிடக்கறதுதான் இதுக்கு வேலை."

"நம்ம ரெண்டு பேர மாதிரின்னு சொல்லுங்க."

"அதுவும் இல்லாம அப்டேட்டுக்கு நாள் பூரா ஆகும்."

அது உண்மையா என்று அவர் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பார்க்கிறவர் அதை மட்டும் பார்க்கவில்லை.

கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வெப்சைட் சோதனைக்கு வந்தது அந்தக் கணினியில்தான். நோயாளிகள் பெயர் பதிகிற பக்கம். கடைசியில் நீல நிறத்தில் 'உறுதி செய்க' என்று ஒரு பட்டன். எல்லா பிரவுசரிலும் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தது, அந்தக் கிழட்டுப் பதிப்பைத் தவிர. அதில் மட்டும் கீழே ஒரு மஞ்சள் பட்டை வந்து நின்றது. 'உங்கள் உலாவி பழையது. உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு. உடனே புதுப்பிக்கவும்.' வாசகம் பூட்டினுடையது. அந்த மூச்சு சரியாக நீலப் பட்டன் மேல் உட்கார்ந்துகொண்டது. பட்டையை மூட ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தது, அழகுக்கு.

சந்தேகம் எழுதி அனுப்பினார். கூட்டம் போட்டார்கள். மேலாளர், பூட்டு, சந்தேகம், கணக்கெடுப்பு பார்க்கும் பக்கத்து மேசைக்காரப் பெண்.

"பட்டன் பட்டைக்கு அடியில போயிடுது சார். பட்டைய மூடவும் முடியல."

"பட்டை எதுக்குப் போட்டோம்?" என்றார் பூட்டு. "பாதுகாப்புக்கு. பழைய உலாவி வச்சிருக்கறவனுக்குப் பட்டன் கிடைக்கலைன்னா, அதவிடப் பாதுகாப்பு என்ன இருக்கு? அவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, அவனை வச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"கண்ணு தெரியாதவங்க வர்ற சைட்டு சார் அது."

"பட்டை பெரிய எழுத்துலதான் இருக்கு."

மேலாளர் இருவரையும் கையமர்த்தினார். "போன மாசம் அந்தப் பதிப்புல எத்தனை பேரு வந்திருக்காங்க, அதச் சொல்லுங்கம்மா."

பக்கத்து மேசைக்காரி திரையைப் பார்த்தாள். "ஒரே ஒருத்தர் சார்."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

சந்தேகம் நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் பேசி யாரும் சிரித்ததாக அந்த அலுவலகத்தில் வரலாறு இல்லை. வாய்ப்பு வலிய வந்து மடியில் விழுந்திருந்தது.

"நான்தான் சார். டெஸ்ட் பண்ணப் போனேன்."

மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பூட்டுகூடத் திறந்துகொண்டார். "அப்ப ஒங்க ஒருத்தருக்காக ஜன்னல் பக்கத்து ஆளுங்கள வேலை செய்யச் சொல்றீங்க?"

"வேணாம் சார். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

இன்னொரு முறை சிரித்தார்கள். அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், தான் எழுதிய குறைக்குப் பக்கத்தில் 'சரிசெய்யத் தேவையில்லை' என்று தானே தட்டி, தானே மூடினார். அன்று மாலை வீட்டிலும் அதைச் சொன்னார். தையல் பிரித்துக்கொண்டிருந்தவள் பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெகு நாளாக அவர் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

கோட்டுக்காரம்மா வந்தது அதற்குப் பிறகு. நல்ல மாதிரியான பெண்மணி, வங்கியில் பெரிய வேலை. நல்லவர்கள் சொல்லும்போதுதான் அதிகம் வலிக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க தையல்காரம்மா. கீழ்மடிப்பு ஒரு பக்கம் ஏறிப் போயிருக்கு. நான் போட்டுக்கிட்டு மீட்டிங்கே போயிட்டேன். அங்க ஒரு பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது."

"ஏறியிருக்கா? குடுங்க பாப்போம்." கோட்டை முகத்துக்கு அருகே வைத்தாள். விரலால் மடிப்பைத் தடவிக்கொண்டே போனாள். விரல் சொல்லிவிட்டது. கண் சொல்லவில்லை. "ஆமாம்மா. நூல் தப்பா ஓடிருச்சு. நாளைக்கு வாங்கிக்கங்க."

"அவசரமில்ல. கண்ணு எதுக்கும் ஒரு தடவை காட்டிக்கங்க. நீங்க கோட்ட வாசனை பாக்கற மாதிரி பாக்கறீங்க."

காட்டினார்கள். அவளுக்குச் சர்க்கரை வெகு காலமாக உண்டு. டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அவள் தொழிலைக் கேட்டார்.

"அப்ப ஒங்களுக்கு சுலபமா புரியும். கோட்டுக்குள்ள லைனிங் இருக்கும்ல, அது சுருங்கி மேல் துணிய இழுத்தா எப்படி இருக்கும்? அதுதான் உள்ள நடக்குது. வலது கண்ணுல முழுக்க இழுத்திருச்சு. அது போனது போனதுதான். எடது கண்ணுல இப்பத்தான் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு."

"பிரிச்சு விடணும் டாக்டர்."

"அதேதான். ஆனா அதப் பிரிக்கிற ஆளு இங்க இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர்ல இருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வருவாரு. அவங்க வெப்சைட்ல பேர் பதியணும். காலைல பத்து மணிக்குத் திறப்பாங்க, கொஞ்ச நேரத்துல எடம் தீந்துடும்."

"விடியறதுக்கு முன்னாடியே போய் வரிசையில நிக்கறோம் டாக்டர்" என்றாள்.

"நேர்ல வாங்கறதில்லம்மா. சிபாரிசு வந்துடக் கூடாதுன்னு எல்லாமே அதுலதான். நான் சொன்னாலும் நடக்காது."

"இந்த வருஷம் தவறிட்டா?" என்றார் சந்தேகம்.

டாக்டர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "அடுத்த வருஷம் அவரு வரும்போது பிரிக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது. தவற விடாதீங்க."

திரும்பி நடக்கும்போது சந்தேகம் கிட்டத்தட்ட உற்சாகமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீ கவலையே படாத. அந்த சைட்ட நான் புரட்டி எடுத்தவன். எந்தப் பக்கத்துல எது இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்றதெல்லாம் என் வேலைங்க இனிமே."

"ஆபீஸ்ல இருந்து பண்ணிடறேன். அங்க லைன் வேகம். பிரவுசர் எல்லாம் புதுசு. நம்ம வீட்டு டப்பாவ நம்ப முடியாது."

குறித்த நாள் பாதுகாப்பு வாரத்தின் முதல் நாளாக இருந்தது. யாருக்கும் விடுமுறை இல்லை. இருந்தாலும் விழா மதியம்தான், பதிவு காலையில்தான். இடையில் தாராளமாக நேரம் இருந்தது.

அன்று காலை மழை விடாமல் தூறியது. துவைத்த துணிகளும் பிறத்தியார் பேன்ட்டுகளும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. அவற்றுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, சந்தேகம் ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக வேலைக்குக் கிளம்பும் முன் இது வழக்கமாகிவிட்டது. கறுப்பு, வெள்ளை, நீலம் என்று கோத்துப் பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவார். அவள் நாள் முழுக்க ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தீர்ப்பாள்.

"சாம்பல் நிறம் ரெண்டு போட்டு வைங்க."

"போட்டாச்சு. ஓரத்துல இருக்கு, தொட்டுப் பாத்துக்க."

"ஆபரேஷன் ஆயிட்டா நானே கோத்துக்குவேன். ஒங்களுக்கு விடுதலை."

"அப்புறம் காலைல நான் என்ன பண்றது?"

"ஏதாவது குறை கண்டுபிடிங்க. தெரிஞ்ச தொழிலு."

வீட்டில் ஒரே ஒரு நல்ல போன். அதை அவர் எடுத்துப் போவார். அவளிடம் இருந்தது பட்டன் போன், பேன்ட் தயாரா என்று கேட்கிறவர்களுக்கு ஆச்சு என்று சொல்ல மட்டும்.

அலுவலக வாசலில் இரும்புப் பெட்டி ஒன்று புதிதாக நின்றது. பாதுகாப்பு வாரத்தில் போன்கள் உள்ளே வரக் கூடாது. எல்லோரும் வரிசையாகப் போட்டார்கள், பூட்டு தன் கையாலேயே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தேகம் கவலைப்படவில்லை. தன் மேசைக்குப் போய், புத்தம் புது பிரவுசரில் கண் ஆஸ்பத்திரி பக்கத்தைத் திறந்து வைத்து, மேசையைத் துடைத்து, காத்திருந்தார்.

பத்து மணி நெருங்கும்போது படியில் பெரிய சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர். அவருக்கு மதியம் வேறொரு இடத்தில் வேறொரு சொடுக்கு இருந்ததாம், அதனால் இதை முன்னால் வைத்துக்கொண்டார். பூட்டு கைதட்டியபடி நடுவில் வந்து நின்றார்.

"அனைவரும் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுங்கள்."

"சார், ஒரு பத்து நிமிஷம்" என்று சந்தேகம் எழுந்தார்.

விருந்தினர் அமுக்கினார். எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டு, ஒன்றாக வெளுத்தன. 'புதுப்பிக்கப்படுகிறது. கணினியை அணைக்க வேண்டாம்.' கைதட்டல். ஜன்னல் பக்கத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

சந்தேகம் நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து பூட்டிடம் போனார். "சார், போன் மட்டும் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"விழா முடியட்டும்."

"வீட்ல கண் ஆபரேஷன் சார். இப்பத் திறந்திருப்பாங்க. பதியணும்."

"முதல் நாளே நானே பெட்டிய திறந்தா எப்படி? விருந்தினர் பாத்துட்டிருக்காரு." பூட்டு உதட்டை அசைக்காமல் பேசினார். "அரை மணி நேரம் பொறுங்க. உலகம் ஒண்ணும் ஓடிப் போயிடாது."

ஆள் கெட்டவர் இல்லை. விருந்தினருக்கு நாற்காலி போட யாருமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சந்தேகம் வரவேற்பு மேசைக்கு ஓடினார். அங்கே கம்பியோடு ஒரு போன் இருந்தது. யாரும் புதுப்பிக்க முடியாத ஒரே சாதனம்.

"யாரு, பேன்ட்டா? இன்னும் ஆகலைங்க" என்றாள் அவள்.

"நான்தான். அந்தக் கம்ப்யூட்டரைப் போடு. சீக்கிரம்."

"தொடாதேன்னு சொல்லுவீங்க."

"இப்பத் தொடு. இங்க ஒண்ணும் வேலை செய்யல. நீயே பதியணும். நான் சொல்லச் சொல்லப் பண்ணு."

துணிகளை விலக்கிக்கொண்டு அவள் போகும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. கணினி இருமியபடி எழுந்தது. பெயர், வயது, டாக்டர் கொடுத்த எண். ஒவ்வொரு எழுத்தையும் அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தேடி அமுக்கினாள். அவர் மனப்பாடமாக ஒவ்வொரு கட்டத்தையும் சொன்னார். உள்ளே யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள்.

"ஆச்சா? இப்ப அடுத்த பக்கம் வந்திருக்கும்."

"வந்திருக்கு. என் பேரு இருக்கு. இடங்கள் உள்ளனன்னு பச்சையா எழுதியிருக்கு."

"நல்லது. அவ்வளவுதான். கீழ நீலமா ஒரு பட்டன் இருக்கும். அத அமுக்கு, முடிஞ்சுது."

"நீலமா?"

"ஆமா. பெருசா."

"இல்லைங்களே."

"இருக்கும். கீழ தள்ளிப் பாரு."

"தள்ளிட்டேன். இதுக்கு மேல போக மாட்டேங்குது. இல்லைங்க."

"கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"தொடச்சுட்டுப் போடு. நூல் தூசி படிஞ்சிருக்கும்."

துடைத்திருப்பாள், புடவைத் தலைப்பால். "தொடச்சாச்சு. தெரியலைங்க."

"அவசரப்படாத. எடது கண்ணால பாரு. வலது கண்ண மூடிக்க. கிட்டப் போய்ப் பாரு."

"மூக்கு திரையில இடிக்குதுங்க. மஞ்சளாத்தான் எதோ மொத்தமா தெரியுது. நீலமா ஒண்ணும் இல்ல."

"மஞ்சளெல்லாம் பாக்காத. நீலத்தப் பாரு. கொஞ்சம் தள்ளி உக்காந்து பாரு. லைட்டப் போடு."

"போட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சுக்கங்க. எனக்குத்தான் தெரியல. அது அங்கதான் இருக்கும். காலைல இருந்தே இன்னிக்கு மங்கலாத்தான் இருக்கு. ஒங்ககிட்ட சொல்லல."

உலகத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும், யார் செய்ததாக இருந்தாலும், முதலில் பக்கத்தைச் சந்தேகப்படுகிற மனிதர் அவர். அதற்காகத்தான் பெயரே. அன்று அவர் தன் மனைவியின் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் என்ற சொல் காதுக்குள் போய், உட்கார இடம் தேடி, கடைசியில் ஒரு கூட்டத்தையும் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பையும் கண்டுபிடித்து உட்கார்ந்தது.

"மஞ்சள்ல என்ன எழுதியிருக்கு?"

"உங்கள்... பாதுகாப்பே... எங்கள்..."

"போதும். படிக்காத. நான் சொல்றதக் கேளு. மௌஸ விட்டுடு. எடது பக்கம் ஓரத்துல டேப்னு ஒரு கட்டை இருக்கும், மேல இருந்து மூணாவது. அத ஒவ்வொரு தடவையா அமுக்கிட்டே வா. பட்டன் கண்ணுக்குத் தெரியாட்டியும் பரவால்ல, அடியில அது இருக்கு. நான் நிறுத்துன்னு சொன்னதும் என்டர் அமுக்கு."

"எடது பக்கமா... இருங்க, தடவிப் பாக்கறேன். இதுவா? அமுக்கவா?"

"அமுக்கு."

"ஐயோ, பக்கம் மாறிருச்சு. என்னமோ வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு? நிதானமா படி."

"உங்கள்... பாதுகாப்பு... கருதி... வெகு நேரம்... செயல்படாததால்... வெளியேற்றப்பட்டீர்கள்." நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "நான் தப்பா எதையாவது அமுக்கிட்டேனா?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பெயர், வயது, டாக்டர் கொடுத்த எண். இரண்டாவது தடவை அவள் வேகமாகவே அடித்தாள், கை எழுத்துகளைத் தெரிந்துகொண்டுவிட்டது. உள்ளே பூட்டு பேசிக்கொண்டிருந்தார். மனிதனின் அலட்சியமே மிகப் பெரிய ஓட்டை என்று சொல்லும்போது கைதட்டினார்கள். அடுத்த பக்கம் வந்தது. பச்சை எழுத்து இருந்த இடத்தில் இப்போது சிவப்பு என்றாள் அவள். அதைப் படிக்க அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை. பெரிதாகவே போட்டிருந்தார்கள்.

"நிரம்பிருச்சாங்க."

"சரி."

"வெச்சிடட்டுமா? அடுப்புல பால் இருக்கு."

"வெச்சிடு."

திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. பக்கத்து மேசைக்காரி அவருக்கும் ஒரு கோப்பை வைத்தாள். "என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு. அப்டேட் ஆகலையா?"

"ஆயிடுச்சும்மா."

அவர் கண் ஆஸ்பத்திரி பக்கத்தைத் திறந்தார். பளபளவென்று வந்தது. மஞ்சள் பட்டை இல்லை. நீலப் பட்டன் பக்கத்தின் அடியில், எல்லா ஓரங்களும் சரியாக வளைந்து, யார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருந்தது. தொழில் பழக்கத்தில் அதை ஒரு முறை அமுக்கினார். 'இடங்கள் இல்லை, அன்புடன் வருந்துகிறோம்' என்று உடனே பதில் வந்தது. பட்டன் சரியாக வேலை செய்தது.

பெட்டி திறந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நேரில் போனார். வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். "சார், நேர்ல எதுவும் பண்றதில்ல. புகார் இருந்தா வெப்சைட்லயே ஒரு பக்கம் இருக்கு." அந்தப் பக்கத்தையும் சோதித்தவர் அவர்தான். யாரும் படிக்காத பெட்டிக்குப் போகும் என்பது தெரியும். மழையில் நின்று டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர், ஊசி மருந்து போட்டுக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், வெளிச்சம் வரைக்கும் தெரியலாம் என்றார். தைக்க முடியுமா என்று இவர் கேட்டார். அதற்கு டாக்டர், "வீட்டுக்குள்ள நடமாட முடியும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கோட்டுக்காரம்மாவின் இன்னொரு கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சு மெத்தையில் சாம்பல் நிற ஊசிகள் தீர்ந்திருந்தன.

"நனைஞ்சுட்டீங்களா? துண்டு அங்க தொங்குது. அது யாரோட பேன்ட்டோ, அதுல தொடச்சுடாதீங்க."

அவர் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டார்.

"ஒண்ணு சொல்லணும். காலைல ஒனக்குப் பட்டன் தெரியலைன்னியே. அது ஒன் கண்ணால இல்ல."

"விடுங்க."

"இல்ல, கேளு. அந்த மஞ்சள் பட்டை அது மேல ஏறி உக்காந்துக்கும். இந்தப் பதிப்புல மட்டும். யாரு பாத்தாலும் தெரியாது. டாக்டர் வந்து பாத்தாலும் தெரியாது. எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் கண்டுபிடிச்சேன். வேணாம்னு மூடினதும் நான்தான். ஒங்கிட்ட சொல்லிச் சிரிச்சேனே, ஒரே ஒருத்தர்னு, அதுதான் இது."

அவள் ஊசியை நிறுத்தினாள். அவர் முகம் இருக்கும் திசையில் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள்.

"நல்லாத்தான் கதை கட்டறீங்க."

"கதை இல்லம்மா. வா, காட்டறேன்."

எழுப்பிக் கூட்டிப்போனார். கணினியைப் போட்டு, சோதனைக்காக ஏதோ ஒரு பெயரைப் பதிந்து, கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்தார். அவள் விரலைப் பிடித்துத் திரையில் மஞ்சளின் மேல் வைத்தார். "இதுக்கு அடியில இருக்கு. இங்கதான். தெரியுதா, இங்க இல்லைங்கறது?"

"இல்லாததும் எனக்குத் தெரியாது, இருக்கறதும் தெரியாது. ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" விரலை எடுத்துக்கொண்டாள். "எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய ஒங்க மேல இழுத்துப் போட்டுக்கறீங்க. வேற ஒருத்தரா இருந்தா, குருட்டு முண்டம், ஒரு பட்டனக்கூட அமுக்கத் தெரியலைன்னு கத்தியிருப்பாங்க. நீங்க அந்த மாதிரி ஆளு இல்ல. எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா நான்தான்."

"சரி, நீங்கதான். உக்காருங்க, டீ போடறேன்."

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அவள் பாத்திரத்தைத் தேடித் தடவும் சத்தம் கேட்டது. டம்ளரைக் கொண்டுவந்து, மேசை விளிம்பை விரலால் உறுதி செய்துகொண்டு வைத்தாள். நிரம்ப ஆவி பறந்தது.

"அந்த டப்பாவ இனிமேலாவது அப்டேட் பண்ணிடுங்க. அடுத்த வருஷத்துக்கு ஒழுங்கா இருக்கட்டும். நான் இப்பவே எந்தக் கட்டை எங்கன்னு பழகிக்கறேன்."

டாக்டர் சொன்னதை அவர் சொல்லவில்லை. நம்ப மாட்டாள் என்றில்லை. அதை நம்பிவிடுவாள்.

திரை ஓரத்தில் தினமும் வந்து கெஞ்சுகிற அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றது. அவர் அமுக்கினார்.

டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.